வாய்க்கால் கரைப் புல்லும் 86 கரும்பும்: கொங்கு மண்ணில் ஒரு நிகழ்வு ஆய்வு

2017 சித்திரையில், காளிங்கராயன் வாய்க்காலின் கடைமடைப் பக்கம் மாமாவின் கரும்பைப் பார்க்கப் போயிருந்தேன். அதற்கு முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தன. 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. பொங்கலுக்கு முன்பே மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்துவிட்டார்கள். வாய்க்கால் வறண்டு கிடந்தது. கிணறு ஒரு மணி நேரம் ஓடினால் அடுத்த நாள்வரை ஊறக் காத்திருக்க வேண்டும். மார்கழியில் நட்ட கரும்பு, நாலு மாதப் பயிர், தோகை சுருண்டு குருத்து வெளுத்து நின்றது. தொட்டால் ஓலை மாதிரி சலசலத்தது.

வாய்க்கால் கரையில் மட்டும் பச்சை இருந்தது. நாணல். பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். மாமா மண்வெட்டியால் அதைக் கொத்திக்கொண்டிருந்தார்.

“ஏனுங் மாமா, பச்சையா இருக்கறதே இது ஒண்ணுதான். இதையும் வெட்டறீங்களே?”

“வெட்டுனா மட்டும் சாவுதா கண்ணு? எங்கப்பன் காலத்துல இருந்து வெட்டறோம். ஒரு மழை பேஞ்சாப் போதும், நாலு நாள்ல எந்திரிச்சு நிக்கும். இந்தக் கரும்புக்கு அதுல பாதிக் கெட்டி இருந்தாப் போதாதா?”

மாமா அன்று வாய்விட்டு ஆசைப்பட்டது, நூறு வருடங்களுக்கு முன்பே கோயம்புத்தூரில் ஒருமுறை நடந்து முடிந்த காரியம். அவர் காட்டில் காய்ந்து நின்ற கரும்பின் உடம்பிலேயே அந்தப் புல்லின் பங்கு இருந்தது. அந்தப் பங்கு எப்படி வந்தது, ஏன் 2017இல் போதவில்லை, இன்னும் கூட்ட என்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பூக்கிற ஊர்

கரும்பு பூத்தால் விவசாயிக்குப் பிடிக்காது. பூங்கதிர் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். வெட்டு தள்ளிப்போனால் தண்டின் நடுவே நெட்டி விழும், எடை குறையும். ஆலைக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் புது ரகம் உருவாக்குபவருக்குப் பூ இல்லாமல் வேலையே இல்லை. காலங்காலமாகக் கரணை, அதாவது கணுவோடு கூடிய தண்டுத் துண்டு, வெட்டி நட்டே வளர்த்த பயிர் இது. கரும்புக்கு முளைக்கக்கூடிய விதை உண்டு என்பதே 1880களின் கடைசியில்தான், ஜாவாவிலும் பார்படோசிலும், ஐயமறத் தெரிந்தது.

வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் வரப்போகும் குளிரில் விதை பிடிக்காது. கோயம்புத்தூர் அப்படியில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில், பகலும் இரவும் பெரிதாக ஏறி இறங்காத ஊர். இங்கே ஐப்பசி கார்த்திகையில் கரும்பு தாராளமாகப் பூக்கும், விதையும் பிடிக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை இங்கே தொடங்கியதற்கு இதுவே காரணம். வடக்கே பெரும்பரப்பில் இருந்ததோ ஒல்லித் தண்டும் குறைந்த விளைச்சலுமான நாட்டுக் கரும்பு. சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. வடக்கின் கரும்பை மாற்றத் தெற்கில் பூ தேடினார்கள்.

நிலையத்தின் முதல் தலைவர் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவருக்குப்பின் நிலையத்தை நடத்தியவர் டி.எஸ். வெங்கட்ராமன். அவர்கள் முன் இருந்த கணக்கு இதுதான்: தெற்கே விளையும் தடித்த, சாறு நிறைந்த கரும்பு பஞ்சாபின் உறைபனியையும் அனல் காற்றையும் தாங்காது. தாங்குவதில் சர்க்கரை இல்லை.

வெள்ளையும் பேய்க்கரும்பும்

அவர்கள் தாயாக எடுத்தது ‘வெள்ளை’ என்ற தடித்தண்டுக் கரும்பு. தந்தையாக எடுத்தது கோயம்புத்தூரிலேயே தானாக முளைத்துக் கிடந்த பேய்க்கரும்பு. கரும்பு வயலுக்குள் வந்தால் களை என்று பிடுங்கி எறியும் அதே புல். பிறந்த பிள்ளைகளில் ஒன்று கோ 205. 1918இல் பஞ்சாபுக்குப் பயிரிடக் கொடுத்தார்கள். காட்டுப் புல்லை நேரடியாகச் சேர்த்து வயலுக்கு வந்த முதல் வணிக ரகம் அதுதான். நொய்யல் நாட்டுப் புல்லின் உரம் ஐந்து நதி நாட்டில் குளிரைத் தாங்கி நின்றது.

எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் பட்டினத்தார் கதை ஞாபகம் வரும். கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தவர், அது இனித்த இடத்தில், திருவொற்றியூரில், சமாதியானார் என்பார்கள். பேய்க்கரும்பு இனிக்கவே இனிக்காது என்பது நம்மவர்களுக்கு அவ்வளவு உறுதி. அது இனிக்கத்தான் இல்லை. ஆனால் இனிக்கும் கரும்பைப் பிழைக்க வைத்தது.

என்ன இருக்கிறது அந்தப் புல்லில்? மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் வேர்க்கிழங்கு. மேலே வெட்டினாலும் எரித்தாலும் கீழே உயிர் இருக்கும். ஆழமாக இறங்கும் வேர். மளமளவென்று கிளைக்கும் தூர். உப்பு, வெள்ளம், வறட்சி, குளிர் எதுவானாலும் ஏதோ ஒரு ஊரில் அதைத் தாங்கும் ஒரு வகை வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே இனம்தான், ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை இடத்துக்கு இடம் மாறும். கோயம்புத்தூர் வகைக்கு 64. தடித்த கரும்புக்கு 80. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் குணம், நம் ஊரில் கட்டைக்கரும்பு என்கிறோமே, அதுவும் பெரும்பாலும் இந்தப் புல் வழியாக வந்த சீர்தான். நடவுச் செலவில்லாமல் இரண்டாம் வெட்டு, மூன்றாம் வெட்டு எடுக்கும் ஒவ்வொரு விவசாயியும் அந்தக் களைக்குக் கடன்பட்டவர்.

கெடுதலும் சேர்ந்தே வந்தது. முதல் தலைமுறைப் பிள்ளைக்குத் தண்டு மெலிவு, நார் அதிகம், சர்க்கரை குறைவு. எனவே அந்தப் பிள்ளையை மறுபடி தடித்த கரும்போடு சேர்த்தார்கள். அதன் பிள்ளையை மறுபடியும். ஒவ்வொரு முறையும் இனிப்பு ஏறும், காடு குறையும். ஜாவாவிலும் டச்சுக்காரர்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் வட இந்திய நாட்டுக் கரும்பையும் மூன்றாவதாகக் கலந்தார்கள். அப்படி வந்த கோ 281, கோ 290 போன்றவை கடல் தாண்டி அமெரிக்காவின் லூசியானா வரை போயின. கோயம்புத்தூர் விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பி அங்கே தேர்ந்தெடுத்த என்கோ 310 பல நாடுகளில் பரவியது. அந்தப் பெயரில் ‘என்’ நேட்டால், ‘கோ’ நம் கோயம்புத்தூர். 1930களில் ஜானகி அம்மாள் இங்கேதான் உட்கார்ந்து பேய்க்கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார்; கரும்பை மக்காச்சோளத்தோடுகூடச் சேர்த்துப் பார்த்தார்.

இன்றைய ரகங்களில் இந்தக் கணக்கு எங்கே வந்து நிற்கிறது? குரோமோசோம்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரைதான் காட்டுப் புல்லிலிருந்து வந்தவை. எழுபது, எண்பது பங்கு தடித்த கரும்புடையது. மீதி இரண்டும் கலந்து ஒட்டியவை. அதைவிட முக்கியமானது, அந்தப் பத்து இருபது பங்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில புல் வகைகளிலிருந்தே வந்தது. உலகம் முழுக்க நட்டிருக்கும் கரும்பின் தாங்கும் சக்தி, நூறு வருடத்துக்கு முன் ஒரு சிலர் கையில் கிடைத்த சில தூர்களின் சொத்து. 2017இல் மாமாவின் காட்டில் தீர்ந்துபோனது அந்தச் சேமிப்புதான் என்பது என் எண்ணம்.

86

மாமா நட்டிருந்தது கோ 86032. எங்கள் பக்கம் வெறும் ‘86’ என்பார்கள். கோ 62198, கோசி 671 என்ற இரண்டின் பிள்ளை. நல்ல ரகம் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. எடை நிற்கும், சர்க்கரை நிற்கும், கட்டை நன்றாகத் துளிர்க்கும், ஓரளவு வறட்சியும் தாங்கும். வெல்லம் காய்ச்சினால் நிறம் நன்றாக வரும். கவுந்தப்பாடிச் சந்தைக்கு நாட்டுச்சர்க்கரை கொண்டுபோகிறவர்களுக்கு நிறம்தான் விலை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்தச் சந்தைச் சர்க்கரைதான். தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றிலும் பல வருடங்களாக இதன் ஆட்சிதான்.

ஆனால் எண்ணைக் கவனியுங்கள். 86 என்பது 1986ஆம் வருடம், ரகத்துக்கு எண் இட்ட வருடம். வெளியிட்டது 2000இல். விதையிலிருந்து கணக்கிட்டால் இன்னும் பின்னால் போக வேண்டும். ஒரு கரும்பு ரகம் உருவாகப் பன்னிரண்டு பதினான்கு வருடம் பிடிக்கும். காரணம் சோம்பல் இல்லை. ஐப்பசியில் பூங்கதிர்களைச் சேர்த்து, ஒரு மாதத்தில் பஞ்சு போன்ற விதை எடுத்து, தட்டில் தூவி முளைக்க வைத்தால், ஒரு நாற்று இன்னொன்றைப் போல் இருக்காது. ஆயிரக்கணக்கில் நட்டு, பார்த்துக் கழித்து, மிஞ்சியதைக் கரணையாகப் பெருக்கி, நடவுப் பயிராகவும் கட்டைப் பயிராகவும் பல ஊர்களில் பல வருடம் சோதித்துக் கடைசியில் ஒன்று தேறும். தேறிய அந்த ஒன்று அதன்பின் மாறாது. கரணையில் பெருகுவதால் லட்சம் ஏக்கரிலும் அதே ஒரு செடிதான்.

இப்போது காலநிலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்பதுகளின் மழையிலும் வெயிலிலும் பிழைத்துத் தேர்வான செடி, 2016இன் மழையில்லாக் கார்த்திகையையும் 2018 ஆவணியில் பவானியில் வந்த வெள்ளத்தையும் ஒரே வயலில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. இன்று சேர்க்கும் பூ வயலுக்கு வரும்போது 2040 நெருங்கியிருக்கும். அந்த வருடத்து வெயிலை யார் அறிவார்? ஆகவே இன்றைய தேர்வு வயல் இன்றைய சராசரி வருடத்தைப் போல இருந்தால் போதாது. இதுவரை நாம் கண்ட கெட்ட வருடங்களைப் போல இருக்க வேண்டும். என் அழுத்தமான கருத்து இது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது தெரியாததல்ல. நட்ட 60ஆம் நாள் முதல் 150ஆம் நாள் வரை, கரும்பு தூர் கட்டித் தண்டு நீளும் பருவத்தில், வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனைகள் அங்கே நடக்கின்றன. கரும்புக்கு வறட்சி மிகவும் வலிக்கும் பருவம் அதுதான். மாமாவின் பயிர் 2017 சித்திரையில் சரியாக அந்த வயதில்தான் இருந்தது. எட்டு மாதப் பயிராக இருந்திருந்தால் எடை குறைந்திருக்கும், உயிர் போயிருக்காது.

அந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் குறைந்ததும் இலைத்துளைகளை இறுக மூடிக்கொள்ளும் செடி சாகாது. ஆனால் வளரவும் வளராது. நல்ல மழை வருடத்தில் அது பக்கத்து வயலைவிடக் குறைவாகத்தான் தரும். சாகாத கரும்பு வேறு, சாகாமல் காசு தரும் கரும்பு வேறு. எங்கள் ஊரில் யாரும் பத்து வருடத்தில் வரும் ஒரு வறட்சிக்காக மீதி ஒன்பது வருட விளைச்சலை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆலைக்கும் மனமிருக்காது. அதனால் ஆழமான வேர், தண்ணீர் வந்ததும் சட்டென்று மீளும் குணம் இரண்டையும் தேடுவதுதான் பலன் தரும். பேய்க்கரும்பின் பலமும் அங்கேதான். அது வறட்சியில் ஆடம்பரமாக வளர்வதில்லை. காத்திருக்கிறது, மழை வந்ததும் முந்திக்கொள்கிறது.

நெல்லோடு ஒப்பிட்டால் இதன் கடினம் புரியும். ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து சப் 1 என்ற ஒரு மரபணுப் பகுதியை எடுத்து, விளைச்சல் தரும் ரகங்களில் சேர்த்தார்கள். இரண்டு வாரம்வரை முழுக்க மூழ்கினாலும் பிழைக்கும் நெல் கிடைத்தது. நம் டெல்டாவின் சிஆர் 1009 ரகத்திலும் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு குணம், ஒரு பூட்டு, ஒரு சாவி. கரும்பின் வறட்சி தாங்குதல் அப்படி ஒரு சாவியில் திறக்காது. நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்கள், ஒவ்வொரு மரபணுவுக்கும் பல பிரதிகள். ஆர் 570 என்ற கரும்பு ரகத்தின் மரபணுத் தொகுதியை விரிவாகப் படித்து முடித்ததே 2024இல்தான். இனிமேல் நாற்றிலேயே மரபணு பார்த்துக் கழிக்கும் முறைகள் வேகம் கூட்டும். அப்போதும் வயலில் நட்டுப் பார்க்கும் வருடங்களை முழுக்கக் குறைக்க முடியாது. கட்டை துளிர்க்கிறதா என்று பார்க்கக் கட்டை வைத்துத்தானே ஆக வேண்டும்?

ஒரே ரகத்தின் ஆபத்து

வறட்சியைவிட எனக்குப் பயம் செவ்வழுகல் நோய். தண்டைப் பிளந்தால் சிவப்பும் இடையிடையே வெள்ளைத் திட்டும், புளித்த வாடையும். பூசணம் கரணை வழியாகவே பரவும். ஒரே ரகம் பரந்து கிடக்கும்போது, பூசணம் தன்னை ஒருமுறை மாற்றிக்கொண்டால் எல்லா வயலும் திறந்த கதவு. 86இன் பெற்றோரில் ஒன்றான கோசி 671, அருமையான சர்க்கரை தந்த ரகம், இப்படித்தான் செவ்வழுகலில் அடிபட்டு ஒதுங்கியது. உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 மாநிலத்தின் கரும்புப் பரப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பரவியது. அங்கே சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பு எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, வெகுவாக உயர்ந்தது. 2019, 2020 வாக்கில் அதே நோய் அதைப் பிடித்தது. நாமக்கல், சேலம் பக்கம் மரவள்ளிக்காரர்களைக் கேட்டால் இதை விளக்கவே வேண்டாம். ஒரே ரகக் குச்சியை ஊர் ஊராகக் கடத்தி நட்டுத் தேமல் நோயையும் சேர்த்தே கடத்தியவர்கள் அவர்கள்.

வெயிலும் ஈரமும் தாறுமாறாகும்போது பூச்சியும் பூசணமும் வரும் நேரம், இடம் எல்லாம் மாறுகின்றன. அதனால் காலநிலையைத் தாங்கும் பயிர் என்றால் வெப்பத்தையும் வறட்சியையும் மட்டும் கணக்கில் எடுப்பது அரைக் கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. பூப்பதற்கே மிதமான இரவும் பகலும் வேண்டும். பகல் வெப்பம் கூடினாலும் இரவு அதிகம் குளிர்ந்தாலும் பூ தள்ளிப்போகும், மகரந்தம் மலடாகும். நாடு முழுவதிலிருந்தும் கரும்பு ஆய்வாளர்கள் வருடா வருடம் கோயம்புத்தூரின் தேசிய கலப்புத் தோட்டத்துக்கு வந்து தங்கள் சேர்க்கைகளைச் செய்துகொண்டு போகிறார்கள். அந்தப் பருவம் பிசகினால் பாதிப்பு கொங்கோடு நிற்காது.

புல்லைத் தேடிப் போவது

இதற்கு மருந்து பழைய இடத்திலேயே இருக்கிறது. உலகில் கரும்பு இனங்களின் பெரும் சேகரிப்புகள் இரண்டு. ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின், அதாவது 1912இல் தொடங்கிய அதே நிலையத்தின், கண்ணூர் மையத்தில். பேய்க்கரும்பின் வகைகளை நாட்டின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்து கோயம்புத்தூரில் வளர்க்கிறார்கள். எரியாந்தஸ் என்ற இன்னொரு முரட்டுப் புல்லையும் கரும்போடு சேர்த்துவருகிறார்கள். நூறு வருடத்துக்கு முன் சேர்த்த ஒரு சில தூர்களுக்குப் பதில் புதிய தூர்கள். அவற்றில் வரும் முதல் பிள்ளைகள் மறுபடியும் மெலிந்து, நார் கூடி, யாருக்கும் பிடிக்காமல் நிற்கும். இனிப்பை மீட்க இன்னும் மூன்று நாலு தலைமுறைச் சேர்க்கை வேண்டும். பலன் தெரிய முப்பது வருடமாகும் வேலைக்குச் சம்பளமும் நிலமும் தண்ணீரும் விடாமல் கொடுப்பது சாதாரண விஷயமில்லை; கொடுத்தே ஆக வேண்டும் என்பேன். 2011-12இல் 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்த தமிழ்நாடு, 2017-18இல் அதில் பாதிகூட எடுக்கவில்லை. அந்த இழப்பின் பக்கத்தில் இந்தச் செலவு எம்மாத்திரம்?

கரையோரப் புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் போடுவதா, மண் கரையாகவே விடுவதா என்று கீழ்பவானிப் பாசனத்தில் விவசாயிகளே இரண்டு பக்கமாக நின்றார்கள். தண்ணீர்க் கணக்கை இரு பக்கமும் பேசியது. கரையில் என்ன வளர்கிறது என்று யாரும் பேசவில்லை. கான்கிரீட் போடுமுன் அந்தக் கரைகளில் ஒருமுறை நடந்து, நாணல் தூர்களில் வித்தியாசமாகத் தெரிபவற்றைத் தோண்டி எடுத்து வீரகேரளத்தில் இருக்கும் அந்தக் கரும்பு நிறுவனத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரிய செலவில்லை. கோ 205க்குத் தந்தை கிடைத்தது இந்த மாதிரி இடத்தில்தான்.

மாமாவின் காடு, பிறகு

2017இல் ஆடி கழிந்து மழை வந்தது. காய்ந்த காட்டில் பாதித் தூர்கூட எழவில்லை. எழுந்தவை பெரும்பாலும் முந்தைய பயிரின் சோகையை, அதாவது காய்ந்த தோகையை, கொளுத்தாமல் பார்களுக்கிடையே பரப்பியிருந்த கீழ்ப்பாத்தியில் இருந்தவை. கொளுத்திய மேல்பாத்தி வெறுமையாகக் கிடந்தது. இரண்டும் 86தான், ஒரே நாளில் நட்டவைதான். ரகத்தைப் பற்றி எழுத வந்த எனக்கு இதை மறைத்துவிட்டு மேலே போக மனமில்லை. நல்ல ரகம் இரண்டு வாரம் கூடுதலாகத் தாங்கினால், மண்ணை மூடிக் கிடக்கும் அந்தச் சோகை மூடாக்கு இன்னும் இரண்டு வாரம் தாங்க வைக்கும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்றல்ல.

அதன்பின் மாமா சோகைக்குத் தீ வைப்பதில்லை. கோ 11015 போன்ற புதிய ரகங்கள் வந்திருக்கின்றன, காட்டில் பாதியாவது மாற்றுங்கள் என்று ஒவ்வொரு தைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன நடவில் கிழக்குப் பக்கம் நாலு பார் மட்டும் ஒப்புக்கொண்டார், மீதியெல்லாம் 86தான்.

“நடவுப் பயிரப் பாத்து ஏமாற மாட்டன் கண்ணு. மொதக் கட்டை வரட்டும். நாலு பாருலயும் தூரு தூரா எண்ணிப் பாத்துட்டுச் சொல்றன்.”

வரும் மாசியில் வெட்டு.